நெல்லைச் சீமையில் ஐந்து நாள், மூன்று மூட்டைக் கல்

ஜூலை 11, வியாழன் – திருநெல்வேலி

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் கல் கிடையாது. பத்தடி தோண்டினால் களி, இருபதடியில் மணல், அதற்குக் கீழே பம்புசெட் குழாய் போகிற ஆழம் வரைக்கும் மறுபடி களியும் மணலும்தான். நாயை விரட்டக்கூட உடைந்த செங்கல்லைத்தான் தேட வேண்டும். அப்படிப்பட்டவனை ஐந்து நாள் கல் பார்க்கக் கூட்டிப் போனார்கள் என்றால் அது என் அக்காவின் ஏற்பாடு.

அக்கா மகளுக்கு வயது 27, வீட்டில் இன்னும் பாப்பாதான். ஜியாலஜியில் ஆராய்ச்சி செய்கிறாள். போன வருஷம் லடாக்கில் ஒரு மாதம் சுற்றிவிட்டு முகமெல்லாம் தோல் உரிந்து வந்தாள். இந்த வருஷம் திருநெல்வேலிச் சீமை. கூட வர வேண்டிய மாணவனுக்குக் காய்ச்சல். "தனியா அனுப்ப மாட்டேன்" என்று அக்கா ஒரே பிடி. கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதமாக ஈசிச்சேரைத் தேய்த்துக்கொண்டிருந்த நான் அவள் கண்ணில் பட்டேன். வேலை என்னவென்றால் மூட்டை தூக்குவது, நோட்டில் எண் எழுதுவது, யாராவது கேள்வி கேட்டால் பெரிய மனிதர் போல நிற்பது.

ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜ். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை என்று பலகை. ஏழு மணிக்குக் கேட்டால் "இப்பதான் தீந்துச்சு" என்றார்கள். பச்சைத் தண்ணீரில் குளித்தேன். தாமிரபரணித் தண்ணீர் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மதியம் சொதி. கல்யாண மறுவீட்டில் மாப்பிள்ளைக்குப் போடுவது என்பார்கள். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் மிதக்க, பக்கத்தில் இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். 130 ரூபாய். பரிமாறியவர் மூன்றாம் முறை வந்தபோது நான் கையை நீட்டி மறைத்தேன். "சொதிக்கு வெக்கப்படக் கூடாதுல்லா" என்று விரலிடுக்கு வழியாகவே ஊற்றிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நெல்லையப்பர் கோயில். இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க எனக்குக் கை அரித்தது. காவலர் பார்த்த பார்வையில் அரிப்பு அடங்கியது. பாப்பாவோ தூணையும் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே பிராகாரம் சுற்றினாள். ஒரு பாட்டி நிறுத்தினார்.

"என்னத்தம்மா தொலச்ச?"

"ஒண்ணும் தொலைக்கல பாட்டி. கல்லப் பாக்குறேன்."

"கல்லத்தான் பாக்கணும்னா உள்ள போயிப் பாரு. அவரும் கல்லுதான்."

இருட்டுக்கடையில் வரிசை. என் முறை வந்தபோது இலையில் ஒரு துண்டு வைத்துக் கையில் கொடுத்தார்கள். சூடு இலையைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது. அதில் கோதுமை எது, சர்க்கரை எது, நெய் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரவு பாப்பா போனில் ஒரு படம் காட்டினாள். பாசிப்பச்சை நிறத்தில் ஒரு கல். அதற்குள் செந்நீலமாகக் குன்றிமணி அளவு மணிகள், ஒவ்வொன்றையும் சுற்றி மை தீட்டியது போல ஒரு கறுப்பு வளையம்.

"மாதுளை முத்து மாதிரி இருக்கே."

"பேரே அதான் மாமா. கார்னெட்டுங்கிற பேரு லத்தீன்ல மாதுளையிலேருந்து வந்தது."

அந்தக் கல் நார்வே மேற்குக் கடற்கரையிலிருந்து வந்து அவளுடைய வழிகாட்டியின் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறதாம். பெயர் கார்னெட் பெரிடோடைட். பச்சையாக இருப்பது ஆலிவின். நாம் நிற்கிற கண்டத்தின் ஓடு 35, 40 கிலோமீட்டர் தடிமன். அதற்குக் கீழே இருக்கிற மேன்டிலின் மேல்பகுதி பெரும்பாலும் இந்தப் பெரிடோடைட்தான். அதில் கார்னெட் விளைய வேண்டுமானால் பொதுவாக அறுபது, எழுபது கிலோமீட்டருக்கும் கீழே இருக்க வேண்டும். குரோமியம் சேர்ந்ததால் அந்தச் செந்நீலம். மேலே வரும்போது அழுத்தம் குறைய, கார்னெட்டும் ஆலிவினும் தங்களுக்குள் மாறி வேறு கனிமங்களாக ஆரம்பித்திருக்கின்றன. மாற்றம் முடிவதற்குள் கல் குளிர்ந்துவிட்டது. அந்தப் பாதி வேலைதான் கறுப்பு வளையம்.

"அவ்வளவு கீழே கெடந்தது எப்படிம்மா மேல வந்துச்சு?"

இரண்டு கண்டங்கள் மோதும்போது, முன்னால் போகிற கனமான கடல்தரை பின்னால் இருக்கிற கண்டத்தின் விளிம்பையும் கீழே இழுத்துக்கொண்டு போகுமாம். நூறு கிலோமீட்டர் வரை போய், இழுத்த பாறை அறுந்து விழுந்ததும் கண்டம் திரும்ப மேலே வந்துவிடுகிறது, ஏனென்றால் அது லேசு. எனக்கு வாழைத்தண்டில் கல்லைக் கட்டிக் குளத்தில் அமுக்கியது ஞாபகம் வந்தது. கயிறு அறுந்தால் தண்டு குபுக்கென்று மேலே வரும், வரும்போது அடிச்சேற்றையும் அள்ளிக்கொண்டு வரும். அந்தச் சேறுதான் இந்தப் பச்சைக்கல்.

"அப்ப நாளைக்கு இதைத்தான் தேடப் போறோமா?"

"இது இங்க கிடைக்காது மாமா."

"அப்புறம் எதுக்கு வந்தோம்?"

"ஏன் கிடைக்கலன்னு பாக்க."

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூலை 12, வெள்ளி – நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி

வாடகைக் கார், நாளுக்கு 2,800. டிரைவர் பாளையங்கோட்டைத் தம்பி. காரில் ஏறியதும் சுத்தியலைப் பார்த்து, "பொதையல் கிதையலா அண்ணாச்சி?" என்றார். போகப் போக அவரும் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

நாங்குநேரி தாண்டியதும் காற்று. ஆனி கடைசியில் இந்தப் பக்கம் அப்படித்தானாம். மேற்கே மகேந்திரகிரி உச்சியில் மேகம் அட்டையாக ஒட்டியிருக்கிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு வெறும் காற்று மட்டும் கணவாய் வழியாக வருகிறது. பணகுடி, காவல்கிணறு முழுக்கக் காற்றாலைகள். கார்க் கதவைத் திறந்தால் திரும்பச் சாத்த இரண்டு கை வேண்டும். என் நோட்டில் ஒரு தாள் பறந்து வேலிக்கருவைக்குள் போய்விட்டது. கல் 3 முதல் 6 வரை அதில் இருந்தன. திரும்ப எழுதினோம்.

ஒரு கல்குவாரியில் அனுமதி கேட்டோம். பெயர் எதற்கு. மேலாளர் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துவிட்டு, "போட்டோ எடுக்கக் கூடாது, உள்ள வரக் கூடாது, வெளிய நிக்கவும் கூடாது" என்றார். நாற்பது நிமிஷம் வெயிலில் நின்றது மிச்சம். ஆனால் நாலு வழிச்சாலைக்காக வெட்டிய மேடு ஒன்று தள்ளியே இருந்தது. சுத்தமான புது முகம், கேட்க ஆளில்லை.

அங்கே இரண்டு வகைக் கல். ஒன்று வெள்ளையும் சாம்பலுமாக வரிவரியாய் இருப்பது, அந்தக் கல்வகைக்கு நைஸ் என்று பெயர். அந்த வரிகளுக்குள் துவரை அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை சிவப்பு கார்னெட். இன்னொன்று புதிதாக உடைத்த இடத்தில் விளக்கெண்ணெய் தடவினாற்போல் பச்சை கலந்த கருமை. சார்னோகைட். நம்மவர்களுக்கு எல்லாமே கருங்கல்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கும்பினி வெள்ளைக்காரரின் கல்லறைக்கு நம் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்தார்கள். இருநூறு வருஷம் கழித்து, 1893-இல், தாமஸ் ஹாலண்ட் என்பவர் அந்தக் கல்வகைக்குச் செத்தவர் பெயரையே வைத்துவிட்டார். நம் ஊர்க் கல்லுக்குப் பல்லாவரம் என்று வைத்திருந்தால் குறைந்தா போயிருக்கும்?

பாப்பா என் நோட்டை வாங்கி இரண்டு வரி எழுதினாள்.

லடாக், ஆழம் 90–100 கி.மீ., சூடு 600–700 டிகிரி.
இங்கே, ஆழம் 25–30 கி.மீ., சூடு 900-க்கு மேல்.

முப்பது வருஷம் பேரேடு பார்த்தவன் நான். தொகை இடிக்கிறது என்றால் உடனே தெரியும். ஆழத்துக்குப் போனால்தானே சூடு கூடும்? அதிக ஆழம் போன கல் எப்படிக் குறைந்த சூட்டில் இருக்கும்?

"கொதிக்கிற கஞ்சில விரலை விட்டு எடுத்தா என்னாகும்? கஞ்சிப் பானையிலேயே விரல் கெடந்தா என்னாகும்?" என்றாள்.

லடாக்கில் சோ மோராரி ஏரிப் பக்கம் இருக்கிற கல் இந்தியாவின் முன்விளிம்பு. ஐந்து கோடி வருஷத்துக்கு முன்னால் ஆசியாவுக்கு அடியில் குதித்துவிட்டு, உடம்பு சூடேறுவதற்குள் ஓடி வந்துவிட்டது. ஆழத்தின் அழுத்தம் உடனே பிடிக்கும். சூடு ஊறுவதற்குத்தான் நாளாகும். இங்கே நடந்தது 55 கோடி வருஷம் முந்தைய மோதல். இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, கிழக்கு அண்டார்டிகா, ஆப்பிரிக்கா எல்லாம் ஒன்றுகூடி கோண்டுவானா ஆன சமயம். ஓடு தடித்துப்போய் அப்படியே கோடிக்கணக்கான வருஷம் கிடந்தது. கல்லுக்குள் இருக்கிற யுரேனியம், தோரியம், பொட்டாசியம் தாமே சூடு விட்டுக்கொண்டிருக்க, மெல்ல மெல்ல வெந்தது. முன்னதை அதி உயர் அழுத்த உருமாற்றம் என்கிறார்கள், பின்னதை அதி உயர் வெப்ப உருமாற்றம் என்கிறார்கள். பேச்சில் அவள் சுருக்கமாக 'அமுக்கம்', 'வேக்காடு' என்பாள்.

ஒன்றைக் கேட்டு வைத்தேன். பழைய காலத்து பூமி சூடு அதிகம், அதனால் எல்லா இடமும் வெந்ததோ? அப்படியும் முடித்துவிட முடியாதாம். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் 62 கோடி வருஷம் பழைய அமுக்கக் கல் இருக்கிறது, இதுவரை தெரிந்தவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. அதே கண்டங்கள் ஒன்றுகூடிய கூத்தில்தான் அதுவும் உண்டானது. ஒரே கல்யாண வீடு, ஒரு அடுப்பில் தாளிப்பு, ஒரு அடுப்பில் அல்வா.

மதியம் உளுந்துச் சோறு, எள்ளுத் துவையல். 80 ரூபாய்க்கு இதைவிட நல்ல சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

வள்ளியூர் தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அவள் லடாக் கார்னெட் படம் காட்டினாள். நுண்ணோக்கிப் படம். கார்னெட்டுக்கு நடுவே ஒரு சின்னக் கண். அதிலிருந்து நாலா பக்கமும் வெடிப்பு, சூரியனுக்குக் கதிர் போட்டது போல. அந்தக் கண்தான் கோசைட். மணலில் இருக்கிற சாதாரண குவார்ட்ஸையே தொண்ணூறு கிலோமீட்டர் ஆழத்து அழுத்தத்தில் நசுக்கினால் கோசைட் ஆகும். 1953-இல் லோரிங் கோஸ் என்பவர் ஆய்வகத்தில் செய்து காட்டினார். 1960-இல் அரிசோனாவின் விண்கல் பள்ளத்தில் இயற்கையாகக் கிடைத்தது. அது விண்கல் விழுந்த அடி. கண்டத்துப் பாறையில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, கண்டம் லேசானது, அவ்வளவு ஆழம் போகாது என்றே நம்பினார்கள். 1984-இல் ஆல்ப்ஸ் மலையின் டோரா மைராவில் கிறிஸ்டியன் ஷோப்பான் கார்னெட்டுக்குள் அதைப் பார்த்தார். அதே வருஷம் நார்வேயிலும் கண்டார்கள். 1990-இல் கஜகஸ்தானில் கார்னெட்டுக்குள் வைரத்துகளே கிடைத்தது.

கல் மேலே வரும்போது கோசைட் மறுபடி குவார்ட்ஸ் ஆகும். ஆகும்போது பத்தில் ஒரு பங்கு பருக்கும். சுற்றி இருக்கிற கார்னெட் விடாமல் இறுக்கிப் பிடிக்கும், முடியாமல் வெடிக்கும். நனைந்த நெல்மூட்டை பருத்துத் தையல் தெறிக்கிறதை எங்கள் ஊரில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தெறிக்காத மூட்டைக்குள்தான் கோசைட் மிச்சம் இருக்கும்.

பேச்சு சுவாரசியத்தில் அவளுடைய லென்ஸை டீக்கடையிலேயே விட்டுவிட்டோம். பன்னிரண்டு கிலோமீட்டர் போய்த்தான் தெரிந்தது. திரும்பி வந்தால் மாஸ்டர் அதைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு சீனி டப்பாவுக்குள் குனிந்திருக்கிறார். பாய்லர் பொங்கிக்கொண்டிருக்கிறது.

"ஒவ்வொரு சீனியும் கட்டடம் மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி. இத்தன வருசமா இதையா அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தேன்!"

லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார். இரண்டாவது டீக்குக் காசு வாங்கவில்லை.

ஜூலை 13, சனி – திசையன்விளை, உவரி

தேரி என்றால் சிவப்பு மணல் மேடு என்று தெரியும். இவ்வளவு சிவப்பு என்று தெரியாது. குங்குமத்தில் கொஞ்சம் மஞ்சள் விழுந்த நிறம். இரும்பு ஆக்சைடு ஒவ்வொரு மணலுக்கும் மேல்பூச்சு பூசியிருக்கிறதாம். காற்றில் அது பறந்து வந்து சட்டை, காது, பல் எல்லாம் ஏறியது. பிறகு சாப்பிட்ட பனங்கற்கண்டுகூட நறநறவென்றது.

எதிர்பார்த்தபடி கார் புதைந்தது. டிரைவர் தம்பி வேகம் கொடுக்கக் கொடுக்க இன்னும் இறங்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தூரத்திலிருந்தே கை காட்டி நிறுத்தச் சொன்னார். வந்து, எங்களைத் திட்டாமல், காய்ந்த பனை மட்டைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் வரிசையாகச் செருகினார். காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் கார் வெளியே. நூறு ரூபாய் நீட்டினேன். "தண்ணி இருந்தாக் குடுங்க, போதும்" என்றார். ஒரு பாட்டில் குடித்துவிட்டு, பாதியை ஆட்டுக்குட்டி ஒன்றுக்கு உள்ளங்கையில் ஊற்றினார்.

இடையன்குடியில் கால்டுவெல் இருந்த ஊரைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். காருக்குள் இருந்தபடிதான். பதநீர் கிடைக்குமா என்று விசாரித்தேன், நாள் தாண்டிவிட்டது என்றார்கள். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி கிடைத்தது, 15 ரூபாய்.

உவரியில் கப்பல் வடிவத்து மாதா கோயிலுக்குக் கீழே கடற்கரை. ஆனிக் கடல், கோபமாக இருந்தது. ஈர மணலில் பட்டுப்புடவைக் கரை மாதிரி பட்டை பட்டையாக நிறம். வெளுப்பு, அப்புறம் சிவப்பு, அப்புறம் கருப்பு. சிவப்புதான் கார்னெட், கருப்பு இல்மனைட். நேற்று பார்த்த மாதிரி மலைக் கற்கள் கரைந்து, ஆறும் ஓடையும் அடித்துக்கொண்டு வந்தவை.

பாப்பா குனிந்து பை எடுத்தாளோ இல்லையோ, நாலு பேர் வந்துவிட்டார்கள்.

"எந்தக் கம்பெனி?"

கேட்பதில் தப்பில்லை. இந்தக் கரையில் தாது மணல் அள்ளிய கதை பெரிய கதை. 2013-இல் அரசு நிறுத்தி வைத்தது. அதற்கு முந்தைய குழிகளை அவர்கள் மறக்கவில்லை. நான் பெரிய மனிதராக நிற்கும் நேரம் இதுதான் என்று முன்னே வந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பாப்பா கடிதத்தைக் காட்டி, "ஒரு தீப்பெட்டி அளவுதான் அண்ணாச்சி. வேணாம்னா அதுவும் வேணாம்" என்றாள். பெரியவர் ஒருவர் கடிதத்தை முழுசாக, நேராகப் பிடித்துப் படித்தார். குவாரி மேலாளர் இவரிடம் பாடம் கேட்கலாம்.

"கார்னட்டு மட்டும் வேணுமாம்மா?" என்றவர் ஒரு சிரட்டையை எடுத்து, பட்டையில் ஒரு பிடி மணலைப் போட்டு, அலை விளிம்பில் உட்கார்ந்தார். தண்ணீர் மொண்டு ஒரு சுழற்று. வெள்ளை மணல் விளிம்பு தாண்டி வழிந்து போயிற்று. இன்னொரு சுழற்று. சிரட்டை அடியில் இரண்டு பிறை. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, கலக்காமல் ஒட்டி நின்றன. விரல் நுனியால் சிவப்புப் பிறையை மட்டும் வழித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வெயில் பட்டதும் ரோஜா நிறத்தில் ஊடுருவித் தெரிந்தது. தண்ணீரை 1 என்று வைத்தால் குவார்ட்ஸ் எடை 2.65, கார்னெட் சுமார் 4, இல்மனைட் 4.7. பாப்பா எண் சொன்னாள், அவர் கை செய்து காட்டியது.

என் விரலில் கோமேதக மோதிரம், ராகுவுக்காக மாமனார் போட்டது. அதுவும் கார்னெட் குடும்பம்தான், கால்சியம் சேர்ந்த ஒரு கிளை என்றாள். கரையில் இருப்பது இரும்பு சேர்ந்தது, நார்வேக் கல்லில் இருப்பது மெக்னீசியம் சேர்ந்தது. இந்தச் சிவப்பு மணலை உப்புத்தாளில் ஒட்டுவார்கள், தண்ணீர்ப் பீச்சலோடு கலந்து இரும்பை அறுப்பார்கள். அன்றைக்கு 12,000 கொடுத்து வாங்கிய மோதிரத்தை ஒரு தடவை பார்த்தேன், கரையை ஒரு தடவை பார்த்தேன்.

சுயம்புலிங்க சுவாமி கோயில் பக்கம் ஒரு குடும்பம் ஓலைப்பெட்டியில் கடல் மண் சுமந்துகொண்டிருந்தது. நேர்த்திக்கடன். அலையடியில் அள்ளி, தலையில் வைத்து வந்து, கரையில் குவிக்கிறார்கள். ஆறேழு வயசுப் பையன் தன் அளவுக்கு ஒரு சின்னப் பெட்டியோடு ஓடினான். பாதி மண் வழியிலேயே ஒழுகியது. குவியலின் சரிவில் சிவப்பும் கருப்பும் தானாகப் பிரிந்து கோடு கோடாக விழுந்துகொண்டிருந்ததைப் பாப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே அவள் ஒரு சிட்டிகைகூட எடுக்கவில்லை.

சாளைக் குழம்பு, சோறு, 120. முள்ளோடு தின்னச் சொன்னார்கள், தின்றேன்.

ஜூலை 14, ஞாயிறு – தென்காசி, குற்றாலம்

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போவது புத்தியுள்ளவன் செய்கிற காரியம் இல்லை. சாரல் காலம் வேறு. பேரருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயிரம் பேர் அருவியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பந்தி முடிந்த இலையைப் பார்ப்பது போல.

பாப்பாவுக்கு இங்கே வேலை அருவி இல்லை. அச்சன்கோவில் பிளவு என்று ஒன்று. மலைக்கு அந்தப் பக்கம் அச்சன்கோவிலில் இருந்து செங்கோட்டை, தென்காசிப் பக்கமாக வடமேற்கிலிருந்து தென்கிழக்கே ஓடுகிற ஒரு நீளமான தையல். வடக்கே மதுரைப் பாறைக் கூட்டம், தெற்கே திருவனந்தபுரம் கூட்டம். இதன் தொடர்ச்சியை மடகாஸ்கரில் தேடுகிறார்கள். நான் ஒரு பள்ளத்தாக்கை எதிர்பார்த்தேன். ஒரு வயல் வரப்பு, நாலு தென்னை, இழுத்து நசுக்கிய மாதிரி வரி விழுந்த ஒரு பாறை, அதன் மேல் காயப்போட்ட பாவாடை. பாவாடைக்காரம்மாவிடம் கேட்டு அதை நகர்த்திவிட்டு அளந்தோம். அவர் மோர் கொடுத்தார்.

சாரல் பிடித்துக்கொண்டதும் அந்த வீட்டுத் திண்ணையிலேயே ஒதுங்கினோம். பாப்பா கொஞ்சம் சோர்ந்திருந்தாள். கார்னெட் இத்தனை கிடைத்தும் ஏன் முகம் இப்படி என்று கேட்டேன்.

லடாக் கார்னெட் வளர வளர அதன் சேர்மானம் மாறிக்கொண்டே வந்திருக்கிறதாம். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, மரத்தின் வளையம் மாதிரி. அறுத்துப் பார்த்தால் எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடு என்று வளையம் வளையமாகச் சொல்லிவிடும். இங்கத்திய கார்னெட் தொள்ளாயிரம் டிகிரியில் அத்தனை காலம் கிடந்ததில் உள்ளே இருந்த இரும்பும் மெக்னீசியமும் நகர்ந்து நகர்ந்து சமமாகிவிட்டன. நடுவும் ஓரமும் ஒன்றேதான். விளிம்பில் மட்டும் கடைசியாக ஆறினபோது பட்ட ஒரு சின்ன மாற்றம் இருக்கும்.

"இது எவ்வளவு ஆழம் போச்சுன்னு கேட்டா, ஞாபகம் இல்லங்குது மாமா. ஒருவேளை இதுவும் மொதல்ல ஆழமாப் போயிருக்கலாம். அப்புறம் வெந்த வேக்காட்டுல எல்லாம் அழிஞ்சிருக்கலாம். இல்லன்னும் சொல்ல முடியல, ஆமான்னும் சொல்ல முடியல."

அதற்காகத்தான் இத்தனை மூட்டை. ஆயிரத்தில் ஒரு கார்னெட்டுக்குள் பழைய துணுக்கு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பாளாம்.

சாயங்காலம் ஐந்தருவியில் விட்டார்கள். பத்து எண்ணுவதற்குள் பின்னால் இருந்தவர் "அண்ணாச்சி, போதும், நவுலுங்க" என்று தோளைப் பிடித்து நகர்த்தினார். அந்தப் பத்து எண்ணிக்கைக்காக இன்னொரு தடவை வருவேன். என் செருப்பில் ஒன்று போய்விட்டது. இராத்திரி பிரானூர் பக்கம் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். ஒற்றைக் கால் செருப்போடு உட்கார்ந்து ஏழு தின்றேன். பாப்பா எண்ணினாள்.

ஜூலை 15, திங்கள் – தென்காசியிலிருந்து

காரை நேற்றோடு விட்டுவிட்டோம், சிக்கனம். அந்தச் சிக்கனத்தின் பலன் பஸ் படிக்கட்டில் தெரிந்தது. மூன்று சாக்கு, நாற்பது கிலோவுக்குக் குறையாது. கண்டக்டர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னவே இது? அம்மியா?"

"கல்லு."

"கல்லுன்னு தெரியுது. என்னத்துக்குக் கல்லு?"

"அம்பத்தஞ்சு கோடி வருசத்துக் கல்லு" என்றேன், கொஞ்சம் மிடுக்காக.

"வயசானவியளுக்கு மரியாத உண்டு. சாக்குக்குக் கெடையாது" என்று லக்கேஜ் சீட்டு கிழித்தார். மூன்று சாக்குக்கும் சேர்த்து என் டிக்கெட்டை விட அதிகம். பஸ் முழுக்கச் சிரித்தது. ஆலங்குளம் தாண்டியதும் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இதுல தங்கம் உண்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஜங்ஷனில் புதுச் செருப்பு, 250 ரூபாய். அல்வா இரண்டு கிலோ.

ஜூலை 23, செவ்வாய் – மன்னார்குடி

இன்றைக்குக் காலை பாப்பா போன் செய்தாள்.

"மாமா, டி-14 உங்க பையில வந்துடுச்சா? வள்ளியூர் ரோட்டு மேட்டுல எடுத்தது, பெரிய கார்னெட் உள்ளது."

வந்திருந்தது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே என் வீட்டம்மா அதைக் கண்டுவிட்டாள். மொட்டை மாடியில் வடகத் துணி பறக்காமல் இருக்க நாலு மூலைக்கு மூன்று செங்கல்லும் இந்தக் கல்லும். மேலே போய்ப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. சாப்பிடுகிற பண்டத்துக்குப் பக்கத்தில் வைக்கிறோமே என்று சோப்பும் தேங்காய் நாரும் போட்டு நன்றாகத் தேய்த்திருக்கிறாள். மார்க்கரில் எழுதிய எண் இல்லை. மேல்பக்கம் எது, வடக்கு எது என்று பாப்பா போட்டிருந்த அம்புக்குறியும் இல்லை.

"கல்லு இருக்கும்மா" என்றேன்.

"அம்பு எந்தப் பக்கம் காட்டுது மாமா?"

வெயிலில் அந்தக் கல்லை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கீழிருந்து என் வீட்டம்மா, "வடகத்த மிதிச்சிடாதீங்க" என்றாள்.